கண்ட்ரோல் கீ இடம் மாறிய ஞாயிறு

போன மாசம் டாக்டரிடம் போய் இடது கைச் சுண்டுவிரலை நீட்டினேன். அழுத்திப் பார்த்தார். இந்த விரலை வைத்துக்கொண்டு அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். சுண்டுவிரலாலா? நியாயமான கேள்விதான்.

வாராவாரம் இந்தப் பக்கத்தை நான் எழுதுவது லினக்ஸில் ஓடும் ஒரு பழைய எடிட்டரில். அதில் எதற்கெடுத்தாலும் கண்ட்ரோல் கீ. ஒரு வரி கீழே போக கண்ட்ரோல், அழிக்க கண்ட்ரோல், அழித்ததைத் திரும்பக் கொண்டுவரவும் கண்ட்ரோல்! அதுவோ கீபோர்டின் இடது கீழ்மூலையில் கிடக்கிறது. நாள் முழுக்க மடங்கி மடங்கி... காபி டம்ளரைத் தூக்கினாலே சுரீர் என்றது. கொஞ்ச நாள் டைப்பே அடிக்காதீர்கள் என்றார் டாக்டர். எனக்குப் பகீரென்றது. நான் எழுதாவிட்டால் இந்த இடத்தில் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிட மாட்டார்களா?

வேறு எடிட்டருக்கு மாறலாமே என்பீர்கள். நடக்கிற காரியமா அது? கைக்குப் பழகியது பழகியதுதான்.

ஆனால் ஒரு வழி இருந்தது. கேப்ஸ் லாக் - ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குகிற கீ. சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே சொகுசான இடம், வேலையோ அனேகமாக இல்லை. லினக்ஸ் செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டால் போதும், இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். சனிக்கிழமை சாயங்காலம் போட்டேன். அடடா! ஒரு பக்கம் முழுக்க அடித்தும் விரல் முணுமுணுக்கவில்லை. மறுநாள் காலையில் காவிரிப் பாலம் வரை சந்தோஷமாக நடந்துவிட்டு வந்தேன்.

வீட்டில் என் கம்ப்யூட்டரில் வசந்தி. என் மனைவி, பாலக்கரையில் ஒரு ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். அரையாண்டுக் கேள்வித்தாளை அடித்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் மெயில் பண்ணியாக வேண்டும்.

வசந்தி டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இன்ஸ்டிட்யூட் பழக்கம் - கண் தாளில், கை கீயில். கீபோர்டையும் பார்க்க மாட்டாள், ஸ்கிரீனையும் பார்க்க மாட்டாள். கரண்ட் கட்டில் அடிபட்டவள் வேறு. பாரா முடிந்ததும் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தி சேவ் பண்ணிவிடுவாள்.

அந்த மூலையில் இப்போது உட்கார்ந்திருப்பது கேப்ஸ் லாக் ஆயிற்றே! சேவ் ஆகவில்லை. பாரா முடிவில் ஒரு எஸ் விழுந்தது, அடுத்த பாரா முழுக்கப் பெரிய எழுத்தானது. அதன் முடிவில் இன்னொரு எஸ், மறுபடி சின்ன எழுத்து. நான் எட்டிப் பார்த்தபோது கேள்வித்தாள் ஒரு பாராவில் அமைதியாகப் பேசியது, அடுத்த பாராவில் கத்தியது.

வசந்தி நிமிர்ந்து ஸ்கிரீனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். சொல்லாமல் கொள்ளாமல் கீயை மாற்றி வைக்கிற மனுஷன் ஊர் உலகத்தில் உண்டா என்றாள். வாஸ்தவம்தானே? திருத்தித் தருகிறேன் என்று உட்காரப் போனதற்கும் திட்டு. அவளே திருத்தி, சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பியும் விட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. விரல் போனால் போகிறது, பழையபடியே மாற்றிவிடலாம் என்று மவுஸைப் பிடித்தேன்.

"விடுங்க. வலி உங்களுக்குத்தானே? நான் பழகிக்கிறேன்" என்றாள்.

ஆளுக்கொரு லாகின் வைத்துக்கொள்ளலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒரே வீட்டில் ரெண்டு பாஸ்வேர்டா என்று ஒதுக்கிவிட்டாள். கீயைப் பார்க்காமல் அடிப்பவளுக்கு எழுதி ஒட்டியும் பிரயோஜனமில்லை. ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, கண்ட்ரோல் குடிபோன புது இடத்து கீ மேல் ஒட்டினாள். விரல் தடவித் தெரிந்துகொள்ளுமாம். தெரிந்துகொண்டுவிட்டது! என் விரலுக்கும் இப்போது தேவலை, டம்ளரைத் தைரியமாகத் தூக்குகிறேன்.

ஒரு தொல்லை... அடிக்கிற அடியில் பொட்டு கழன்றுவிடுகிறது. நேற்று சித்திரை வீதியில் பூ வாங்கக் கை நீட்டினால் பூக்காரம்மாவுக்கு ஒரே சிரிப்பு. என் சுண்டுவிரல் நுனியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"விரலுக்கு எதுக்குங்க பொட்டு?"

"அதையும் சேர்த்துத்தாங்க கட்டிக்கிட்டா எங்க வீட்டம்மா" என்றேன்.