பதினோரு மணிக்கு நின்றுபோகும் நெத்திலி

நீ திருடினாய். கல்லூரிக் கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைத்து நான் கட்டிய கிரிட்டை உன்னுடையது என்று மேடையில் நின்று சொன்னாய். சுற்றிவளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் செங்கல்பட்டுப் பக்கத்து அந்தச் சின்னக் கல்லூரியில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தோம். மாமல்லபுரத்திலிருந்து நான் வண்டியில் வருவேன். திருக்கழுக்குன்றத்தில் நீ பின்னால் ஏறிக்கொள்வாய். அங்கிருந்து கல்லூரி வரை உன் வாய் ஓயாது. உன் பேச்சின் மேல் எனக்கு அப்போதே பொறாமை. நீ சிரித்துக் கேட்டால் டீக்கடைக்காரர் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றுவார். நான் போய் நின்றால், “இன்னா வோணும்?” என்பார்.

ஊரடங்கு வந்தது. பிள்ளைகள் வீட்டோடு கிடந்தார்கள். பாதிப் பேரிடம் போன் மட்டும்தான். செய்முறைப் பாடத்துப் புரோகிராம் போனில் ஓடாது. இங்கே லேபில் மெஷின்கள் உறை மூடிச் சும்மா கிடந்தன. நூலகத்திலும் அலுவலகத்திலும் சில, ஸ்டாஃப் ரூமில் பழையது ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தேன். ஒரு பிள்ளை போனிலிருந்து புரோகிராமை அனுப்பினால், எந்த மெஷின் சும்மா இருக்கிறதோ அதற்கு வேலை போகும். பெரிய வேலை என்றால் துண்டாகிப் பல மெஷின்களுக்குப் போகும். விடை போனுக்குத் திரும்பி வரும். இதைச் சரியாக ஓட வைக்க எனக்கு ஒரு கோடை முழுவதும் பிடித்தது.

மெஷின்களுக்குப் பெயர் வேண்டும். அப்பா கடலுக்குப் போனவர்; எனக்கு வாயில் வந்தது மீன்தான். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கெளுத்தி. நீ எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

“இன்னா மச்சான், லேப்புல மீன் மார்க்கெட் போட்டுகினு கீற?”

“பின்ன உன் பேரா வெப்பாங்க? ஸ்டாஃப் ரூம்ல ஒரு கிழடு கீது, நகரவே மாட்டுது. அதுக்கு வேணா வெக்கிறேன்.”

“வேணாம்டா சாமி. அதுக்கு நெத்திலின்னு வெய்யி.”

வைத்தேன். அந்தப் பெயர் ஒன்று மட்டும் நீ சொன்னது, ஒத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகள் திரும்பி வந்த பிறகும், சாயங்கால ஆன்லைன் வகுப்புகளுக்கு அது ஓடிக்கொண்டே இருந்தது. நெத்திலி மட்டும் தினமும் காலை பதினோரு மணிக்குச் செத்துப்போகும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் ஸ்டாஃப் ரூமில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பதினோரு மணிக்கு ஒரு மேடம் வந்து, நெத்திலியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீ கெட்டிலைச் செருகினார். பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சிரித்துத் தீர்த்தார்கள்.

இதற்குள் நீ பட்டம் வாங்கி உதவிப் பேராசிரியர் ஆகிவிட்டாய். கேளம்பாக்கத்தில் ஃப்ளாட். உன்னைப் பிள்ளைகள் “சார்” என்கிறார்கள். நான் இன்னும் “அண்ணா”தான்.

பிறகு அந்தக் கருத்தரங்கு. வெளிக் கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மைக் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க என்னை உட்கார வைத்திருந்தார்கள். திரையில் என் மீன்கள், ஒவ்வொன்றும் ஓடிய நேரம், நின்ற நேரத்தோடு வரிசையாக வந்தன. “நான் வடிவமைத்தது” என்றாய். ‘நான்’ என்ற சொல்லில் கொஞ்சமும் தடுமாறவில்லை. ஒருவர் எழுந்து, இந்த ஒரு மெஷின் ஏன் தினமும் பதினோரு மணிக்கு நின்றுபோகிறது என்று கேட்டார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நெட்வொர்க் நெரிசல், அந்த நேரத்தில் உச்சப் பயன்பாடு என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டாய். முன்வரிசையில் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள்.

என் பக்கத்தில் இருந்த கல்பாக்கத்து மாணவி என் முழங்கையை இடித்தாள்.

“அண்ணா, அது கெட்டிலுண்ணா. எழுந்து சொல்லேன்.”

நான் எழுந்திருக்கவில்லை. என் ஆங்கிலம் மூன்றாவது வாக்கியத்தில் காலை வாரிவிடும். நான் உண்மையைச் சொல்லித் திணறியிருப்பேன். நீ பொய்யைச் சொல்லிக் கைதட்டு வாங்கினாய். திருட்டைவிட அதுதான் எனக்கு அதிகம் எரிகிறது. அந்தக் குரலும் அந்த நிமிர்வும் எனக்கு இருந்திருந்தால் என்று அன்று மாலை வண்டியில் தனியாகத் திரும்பும்போது நினைத்தேன். ஆமாம், பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைக்க மாட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப் போலத்தான் ஆவேன். அலுவலக மெஷின்களைத் தொட கல்லூரி முதல்வர் அனுமதி தர மாட்டேன் என்றபோது, கடிதம் எழுதி, நேரில் பேசி, வாங்கிக் கொடுத்தது நீ. நான் எழுதியிருந்தால் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். “நாங்கள் இருவரும் செய்தோம்” என்று மேடையில் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் முன்னால் நானே கைதட்டியிருப்பேன். அந்த ஒரு சொல்லுக்கு உனக்கு இன்னா கேடு?

மேடையில் நீ நிற்கும் படத்தை ஊழியர் குழுவில் நீயே போட்டாய். எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். எனக்குத் தனியாக போன் செய்யாதே, கேன்டீனுக்கு அழைத்துத் தோளில் கை போடாதே. அந்தப் படத்துக்குக் கீழேயே, எல்லோரும் படிக்கிற இடத்தில், இரண்டு கேள்விக்குப் பதில் எழுது. அந்த மெஷின்களை இணைத்தது யார்? நெத்திலி பதினோரு மணிக்கு ஏன் நின்றது?