அருவிக்கு வைத்த பரஸ்தானம்

மயிலாப்பூரில் தண்ணீருக்குக் குறைவில்லை. குளத்தில் நிற்கிற தண்ணீர், கடலில் வந்து வந்து போகிற தண்ணீர், கிணற்றில் இழுத்தால் வருகிற தண்ணீர் எல்லாம் உண்டு. உயரத்திலிருந்து தானாக விழுகிற தண்ணீரை மட்டும் நான் பார்த்ததில்லை. மழை நாளில் மொட்டை மாடித் தூம்பிலிருந்து கொட்டுவதை அருவி என்று சொல்லிக்கொண்டு நானும் அக்காவும் போய் நிற்போம். அவ்வளவுதான் எங்கள் அருவி.

அப்பாவின் கடைசித் தம்பி, எங்கள் சித்தப்பா, அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். சிநேகிதர்களோடு ரயிலில் தடாவுக்குப் போய், அங்கிருந்து மாட்டு வண்டி பிடித்து, காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தார். ஒரே ஓர் அருவி இல்லையாம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரிசையாக விழுகின்றனவாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறவில்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது. அத்திம்பேருக்கு ரங்கூனில் வேலை. அவரோடு ஒரே ஆபீசில் இருந்தவர் ஒருவர் லீவில் ஊருக்கு வந்திருந்தார். அவர் குடும்பத்தோடு திரும்பும்போது அக்காவும் கப்பலேறுவதாக ஏற்பாடு. அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கடலைத் தாண்டிப் போகிறவள் எப்போது திரும்புவாள் என்று யாரும் சொல்லவில்லை. போவதற்குள் ஒரு முழு நாள் அவள் எனக்கே எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவிடம் அழுது, அடம் பிடித்து, சித்தப்பாவோடு நாங்கள் இருவரும் தடா போய்வர அந்த ஒரு நாளை வாங்கினேன்.

சாயங்காலங்களில் மாடித் தரையில் சித்தப்பா அடுப்புக்கரியால் வழி போடுவார். இங்கே ஓடை, முழங்கால் ஆழம். இங்கே பாறை வழுக்கும், என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இது முதல் அருவி, இது இரண்டாவது, இது மூன்றாவது. அதற்கு மேலும் ஒன்று உண்டென்று வண்டிக்காரன் சொன்னானாம், சித்தப்பா பார்த்ததில்லை. வெயில் இறங்கி, கடற்காற்று வந்து, கொடியில் காயும் புடவைகள் படபடக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். அந்தக் கரிக்கோடுகளில் தண்ணீர் ஓடும். பாதத்துக்கடியில் கூழாங்கல் உருளும். என்னமோ அந்தக் காட்டில் பாதி நாள் நான் வாழ்ந்தேன் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

அந்த மாதத்தில் சித்தப்பாவுக்கு ஒழிந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமைதான். அங்கேதான் இடித்தது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலை. அந்த நாட்களில் அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. தடா வடக்கே இருக்கிறது. அம்மா அதற்கும் வழி வைத்திருந்தாள். முதல் நாளே நல்ல வேளையில் ஒரு மூட்டையை அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். திங்கட்கிழமை காலையில் அக்காவின் புடவை, என் பாவாடை, சித்தப்பாவின் துண்டு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எதிர்வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

அன்று சாயங்காலம், லீவில் வந்திருந்த அந்த ரங்கூன்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"என் லீவை ஆபீஸ்ல ரத்து பண்ணிட்டான் மாமி. புதன்கிழமைக் கப்பல். டிக்கெட்டெல்லாம் மாத்திண்டு வந்துட்டேன். பொண்ணைத் தயார் பண்ணுங்கோ" என்றார்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துறைமுகமும் எங்களுக்கு வடக்கேதான். செவ்வாயும் சூலை, புதனும் சூலை. திங்கட்கிழமை நல்ல வேளையோ காலையோடு போய்விட்டது. அக்காவின் பெயரில் வைத்த பரஸ்தானம் என்று உலகத்தில் இருந்தது அந்த ஒரே மூட்டைதான்.

"அந்த மூட்டையை யாரும் தொடப்படாது. புதன்கிழமை அங்கேர்ந்து எடுத்துண்டு அவ கப்பலுக்குப் போகட்டும்" என்றாள் அம்மா.

சித்தப்பா விடவில்லை. "மன்னி, மூட்டை பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும். நாங்க நாளைக்கு வெறுங்கையோட போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துடறோம்."

"பரஸ்தானம் இல்லாம சூலையில வடக்கே கிளம்புவியா? நன்னாருக்கு!"

எப்படிப் புரட்டினாலும் போக முடியாதபடி அம்மாவின் சாஸ்திரம் கச்சிதமாக இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எதிர்வீட்டுக்கு ஓடி அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவதென்று வாசல்வரை போய்விட்டேன். அக்கா பின்னாலேயே வந்து என் பின்னலைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா மூஞ்சியைப் பாருடி. அவ பயப்படறது சூலைக்கா? என்னைக் கடல் தாண்டி அனுப்பறாளே, அதுக்கு. அவளுக்குப் பிடிச்சுக்க அந்த மூட்டை ஒண்ணுதான் இருக்கு. விட்டுடு."

விட்டுவிட்டேன். மனசு மட்டும் ஆறவில்லை.

செவ்வாய் பகல் முழுக்க வீட்டில் பெட்டி கட்டினார்கள். வெயில் தாழ்ந்ததும் அக்கா என்னை மாடிக்கு அழைத்தாள். கரிக்கோடு பாதி அழிந்திருந்தது. "இப்போ எங்கே இருக்கோம், சொல்லு" என்றாள். ஓடை தாண்டிவிட்டோம் என்றேன். பாறை வழுக்குகிறது என்றேன். அவள் நிஜமாகவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். இருவரும் அந்த மாடியில் மெல்ல மெல்ல அடி வைத்து ஏறினோம். மூன்றாவது அருவியைத் தாண்டியதும், சித்தப்பா பார்க்காததை நாம் பார்ப்போம் என்று சொல்லி, கோடு முடிந்த இடத்துக்கு அப்பாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கீழே அம்மா விளக்கேற்றிவிட்டுக் கூப்பிடும்வரை நாங்கள் திரும்பவில்லை.

புதன்கிழமை கப்பல் போயிற்று.

அக்கா திரும்பி வந்தது யுத்தத்தில். ரங்கூனில் குண்டு விழ ஆரம்பித்ததும் அவளும் அத்திம்பேரும் கைக்குழந்தையோடு கூட்டத்தோடு கூட்டமாகக் காடும் மலையுமாக நடந்தே வந்தார்கள். வாசலில் வந்து நின்றவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதமெல்லாம் புண். தினமும் நான்தான் மஞ்சள் அரைத்துப் போடுவேன்.

ஒரு நாள் போட்டுக்கொண்டே, "உடம்பு தேறினதும் தடாவுக்குப் போலாமா அக்கா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வர வழியில எத்தனையோ அருவி பாத்தேன்டி. எல்லாரும் ஓடிப்போய்க் குளிச்சா. நான் குழந்தைக்கு மட்டும் தலையை நனைச்சுட்டு வந்துட்டேன். உன்னை விட்டுட்டுக் குளிக்க மனசு வரலை" என்றாள்.

என்னால் நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.