தொண்ணூறு நாள் பூட்டு

வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. பதினோரு வருடங்களுக்கு முன் மச்சினன் அவருக்காக இணையத்தில் ஒரு மன்றம் அமைத்துக் கொடுத்தான். மெஷின் தண்ணீர் எடுக்கவில்லை, சுற்றும்போது லாரி மாதிரி இரைகிறது என்று யார் யாரோ கேட்பார்கள். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் எழுதுவார்.

அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ‘பூட்டு அண்ணன்’. தொண்ணூறு நாள் ஆகிவிட்டால் எந்த விவாதமானாலும் பூட்டிவிடுவார். அதன் பிறகு படிக்கலாம், பதில் எழுத முடியாது. காரணம் இல்லாமல் இல்லை. ஆறிப்போன கேள்விக்குக் கீழே ஒருவர் வந்து தன் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றிப் புலம்புவார். இன்னொருவர் வழுக்கைக்குத் தைலம் விற்பார். எல்லோரும் மறந்துபோன சண்டையை யாராவது கிளறிவிட, மறுபடி குடுமிப்பிடி ஆரம்பிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வலது கையில் மாவுக்கட்டோடு ஓர் அம்மாள் பட்டறைக்கு வந்தார்.

“பூட்டு அண்ணன்ங்கிறது நீங்கதானா?”

“ஆமாம்மா. மெஷின் எங்கே?”

“மெஷின் வீட்ல இருக்கு. நான் இதுக்காக வந்தேன்” என்று ஒரு தாளை நீட்டினார்.

ஏழு வருடத்துக்கு முன் மெக்கானிக்கே மன்றத்தில் எழுதிய பதில். மூடியைத் திறந்தால் சுற்றுவதை நிறுத்தும் சுவிட்ச் கெட்டுப்போனால், இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கினால் மெஷின் ஓடும் என்று இருந்தது. பழுது சுவிட்சில்தானா என்று பார்ப்பதற்கு மட்டுமே முறுக்க வேண்டும், பார்த்ததும் பிரித்துவிட வேண்டும் என்பதை அவர் எழுதவில்லை. அது சொல்லாமலே தெரிகிற விஷயம் என்று நினைத்திருந்தார்.

“எங்க வீட்டுக்காரர் இதைப் படிச்சுட்டுத்தான் முறுக்கினார். மூணு மாசம் ஓடுச்சு. போன மாசம், நின்னுடும்னு நெனச்சு மூடியைத் திறந்து கையை விட்டேன். ஈரப் போர்வை கையைச் சுத்தி இழுத்துருச்சு. ரெண்டு இடத்துல முறிவு.”

மெக்கானிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“சண்டைக்கு வரலைங்க. ‘இப்படிச் செய்யாதீங்க’ன்னு கீழே ஒரு வரி எழுதலாம்னு பாத்தேன். எழுத எடமே இல்ல. அதான் நேர்ல வந்தேன்.”

அந்தப் பக்கத்தை அதுவரை முப்பத்துநாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

“நீங்க சொல்லுங்கம்மா, நான் அடிக்கிறேன்” என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அந்த அம்மாள் சொன்ன வார்த்தைகளை அப்படியே பதிலுக்கு மேலே, சிவப்பில் போட்டார். அன்று மத்தியானமே புது சுவிட்சோடு அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மெஷினை நகர்த்தும்போது மட்டும் மறுபக்கம் வந்து பிடித்தார். ஒயரைப் பிரித்த பிறகு, “நானும் யோசிச்சிருக்கணும்” என்றார்.

அந்த வாரக் கடைசியில் மச்சினன் வந்தான். “அத்தான், தொண்ணூறு நாளை ஒரு வருஷமாக்கிடலாம்.”

“ஏழு வருஷம் கழிச்சுல்ல அந்தம்மாவுக்குக் கை போச்சு?” என்றார் மெக்கானிக்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி சொன்னாள்: “மாத்திரைக்குத்தான் தேதி போடுவோம். சாப்பிட்டு ஒத்துக்கலைன்னு சொல்ல வர்றவங்களுக்கு ஏது தேதி?”

கடைசியில் பூட்டையே எடுத்துவிட்டார்கள். பழைய விவாதங்களுக்கு வரும் பதில் மட்டும் முதலில் அவருக்கு வரும், படித்துவிட்டு வெளியிடுவார். முதல் வாரம் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தன. முக்கால்வாசி தைலம். மிச்சத்தில் மூன்று, அவர் சொன்ன வேறு யோசனைகள் தப்பு என்றன. சோதித்துப் பார்த்ததில் இரண்டு பேர் சொன்னது சரி. ‘நான் எழுதியது தவறு’ என்று போட முதல் தடவை அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. இரண்டாவதற்கு அவ்வளவு ஆகவில்லை.