பை கீழே இறங்கும் நேரம்

கிளப்பின் கதவு திறப்பதற்கு முன் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஆட்டத்தளத்தின் நடுவில் நிற்கிறாள். ஒரு பாட்டை ஓடவிட்டு, வெறுங்காலால் பலகையை அழுத்திப் பார்க்கிறாள். பிறகு சுவரோரமாக நடக்கிறாள். தூணுக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. அங்கே போனால் அடித்தாளம் மட்டும் திம்மென்று நெஞ்சில் மோதும், பாட்டு காணாமல் போய்விடும். அங்கே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மேடைக்குத் திரும்பி ஒலிக்கருவியின் திருகு ஒன்றை மயிரளவு திருப்புகிறாள். மறுபடியும் தூணடிக்குப் போகிறாள்.

பார் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறவன், "அக்கா, பாட்டுப் போட வந்தீங்களா, வீடு வாங்க வந்தீங்களா?" என்கிறான்.

"வீடுன்னா இவ்வளவு பாக்க மாட்டேன்" என்கிறாள், அவன் முகத்தைப் பார்க்காமலே.

அந்த நடன கிளப்பில் அவளுக்கு வெந்நீர் அக்கா என்று பெயர். சுற்றி எத்தனை நிறத்தில் எத்தனை பானம் இருந்தாலும், வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுவரும் வெந்நீரைத்தான் அவள் குடிப்பாள். அது பாதிக் காரணம். மீதிக் காரணம் அவள் வேலை. சனிக்கிழமைகளில் ஊரே தேடி வருகிற பெரிய டிஜே மேடையேறுவதற்கு முன், பொழுது சாய்கிற நேரத்திலிருந்து கூட்டத்தைச் சூடேற்றி வைக்கிற முதல் டிஜே அவள். அந்த வேலையைப் பற்றிக் கேட்டால் இப்படிச் சொல்வாள்: "கொதிக்க விட்டுரக் கூடாது. கைய வெச்சா சுருக்குன்னு இருக்கணும். ஆனா குளிக்க முடியணும்."

முதல் டிஜேவுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எல்லோர் வாயிலும் இருக்கிற பாட்டை அவள் தொடக்கூடாது. அது பெரிய டிஜேவுக்கு. வேகத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஸ்பீக்கரின் முழுக் குரலையும் வெளியே விடக்கூடாது. "கல்யாணப் பொண்ணு வர்றதுக்குள்ள நாம போய் மேடையில உக்காந்துக்க முடியுமா?" என்பாள். ஆகவே அவள் போடுகிற பாட்டுகளின் பெயர் யாருக்கும் தெரியாது. அவள் பெயரும் சுவரொட்டியில் வராது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நாலு பேர் சேர்ந்தாற்போல் தன்னைப் பார்த்தால் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து முறுக்கத் தொடங்கிவிடுகிறவள் அவள்.

அவள் பார்ப்பது பைகளை. மேடைக்கு வருவதற்கு முன் அதே கிளப்பின் வாசலில் பைகளையும் மேல்சட்டைகளையும் வாங்கி வைக்கிற இடத்தில் பல வருடம் நின்றவள். ஒருநாள் அன்றைய முதல் டிஜே வராமல் போக, 'சும்மா எதையாவது ஓடவிடு' என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள். இறங்கச் சொல்ல அப்புறம் யாருக்கும் தோன்றவில்லை. வாசலில் நின்ற காலத்தில் அவள் கண்டுகொண்டது ஒன்று: புதிதாக வருகிறவர்கள், தனியாக வருகிறவர்கள், உடம்பைப் பற்றிக் கூச்சம் உள்ளவர்கள் பையைக் கொடுக்க மாட்டார்கள். மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். "மூஞ்சி சிரிக்கும். அத நம்பக் கூடாது. பை எப்ப தரைக்கு எறங்குதோ அப்பதான் ஆளு உள்ள வந்ததா அர்த்தம்." விளக்குக்காரர் தாமதமாகத்தான் வருவார், அதுவரை விளக்குத் திருகும் அவள் கையில். எந்த மூலையில் ஒரு தோள் லேசாக அசைகிறதோ அந்த மூலையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுவாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால்தான் சிலருக்குக் கால் எழும்.

வீட்டில் அவளுக்குச் சத்தமே ஆகாது. மிக்ஸி ஓடினால் வேறு அறைக்குப் போய்விடுவாள். லிஃப்டுகளைப் பழுதுபார்க்கிற வேலையில் இருக்கும் கணவர், "எங்க வீட்டம்மா ஊர்ல பாதிப் பேர் காதைக் கிழிச்சுட்டு வந்து, என்னை மெதுவா இருமச் சொல்றா" என்று விருந்தாளிகளிடம் முறையிடுவார். பள்ளிக்கூடம் போகிற மகளுக்கு வேறு குறை. "எங்கம்மா டிஜேன்னு சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டேங்கிறா. ஒரு வீடியோகூட இல்ல. இருக்கிற ஒரு போட்டோவுலயும் நீ ஃபிளாஸ்க்க மூடிட்டு நிக்கிறே."

கிளப்பின் முதலாளி கெட்டவர் அல்ல. கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. பேசும்போதும் சாப்பிடும்போதும் அதைக் கீழே வைக்க மாட்டார். சாயங்காலம் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெரிய டிஜே வரும் நேரத்துக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் பாதி காலியாக இருந்த தளத்தைக் காட்டி அவளிடம் சொன்னார்: "யாரும் ஆடாத நேரத்துக்கு ஒரு ஆள் எதுக்கும்மா? கம்ப்யூட்டர்ல பாட்டக் கோத்து விட்டா அதுபாட்டுக்கு ஓடிட்டு இருக்கப்போகுது."

அந்தச் சனிக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். ஊர் முழுக்க அப்போது பாடிக்கொண்டிருந்த பாட்டை, பெரிய டிஜேவுக்கென்று எல்லோரும் விட்டுவைக்கிற பாட்டை, கூட்டம் வந்து நின்ற சற்று நேரத்திலேயே முழுச் சத்தத்தில் போட்டாள். தளம் வெடித்தது. பையோடு நின்றவர்கள் பையோடே குதித்தார்கள். முதலாளி நாற்காலிமேல் ஏறி அதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போனார். அதன் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. ஒரேயடியாக ஆடித் தீர்த்தவர்கள் மூச்சிரைக்க வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். பாதிப் பேர் திரும்பவில்லை.

மறுநாள் தன் ஹெட்போனை எடுக்க வந்த பெரிய டிஜே, அவளைவிட வயதில் சின்னவன், சுவரொட்டிகளில் சூறாவளி என்று போட்டுக்கொள்கிறவன், மேடையடியில் வந்து நின்றான்.

"அக்கா, நேத்து நான் ஏறினப்ப தரையில என் நிழல் மட்டும்தான் ஆடிச்சு. என் மேல என்ன கோவம்?"

"உன் மேல இல்ல தம்பி."

"பின்ன யார் மேல?"

அவள் ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி அவனிடம் நீட்டினாள். அவன் கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு வாங்கி ஊதி ஊதிக் குடித்தான். "இதுல என்னதான் இருக்குன்னு இத குடிக்கிறீங்களோ" என்றான்.

ஆனால் முதலாளிக்கு நாவில் ருசி ஒட்டிக்கொண்டது. "பாத்தியா, இதத்தானே நான் கேட்டேன்! இனிமே வாராவாரம் இப்படியே போடு. முடியாதுன்னா சொல்லு, கம்ப்யூட்டர் இருக்கு. வர்ற சனிக்கிழமை நானே நின்னு பாக்கறேன்." தப்பாகச் செய்ததற்கு வேலை நிலைக்கும், சரியாகச் செய்தால் போகும்.

வீட்டில் மகள் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள். "போட்டுட்டுப் போயேம்மா, உனக்கென்ன?" கணவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு அன்று வேறு எரிச்சல். "புதுக் கட்டடத்துல ஒருத்தன் கேக்கறான், லிஃப்டு எங்கயும் நிக்காம சர்ருனு மேல போகணுமாம். நடு மாடியில ஏற நிக்கிறவன் என்ன பண்ணுவான்னு கேட்டேன். படியில வரட்டும்கிறான். ஏறி வர்றவன் முட்டி இவனோட முட்டியா?" அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன, உப்பு இல்லையா?" என்றார் அவர்.

அந்தச் சனிக்கிழமையும் செருப்பைக் கழற்றினாள், தூணடிக்குப் போய் வந்தாள். கதவு திறந்தது. முதலாளி பார் மேசையோரம், தலைக்கு நேர்மேலே எரிகிற விளக்கின் கீழ், சாவிக்கொத்தோடு உட்கார்ந்தார். அந்தப் பெரிய பாட்டு தயாராக இருந்தது. பொத்தானை அழுத்தினால் போதும். அவள் விரல் அதன்மேல் போய் நின்றது.

ஆட்கள் வந்தார்கள். சுவரோரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தூணுக்குப் பின்னால் ஒரு பெண், பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவளைப் போல நின்றாள். முதலாளி மேசையிலிருந்து கையை மேலே தூக்கிச் சுழற்றினார்: ஏத்து, ஏத்து. பார்க்காரன் உதட்டை அசைத்தான்: "போட்டுருங்க அக்கா."

அவள் விரலை எடுத்தாள். பெயர் தெரியாத ஒரு பாட்டை, நடை பழகுகிற வேகத்தில், முந்தைய பாட்டின் வாலோடு ஒட்டிவிட்டாள். பிறகு இன்னொன்று. தூணடியை இருட்டாக்கினாள். முதலாளியின் முகம் சுருங்கியது. எழுந்து மேடையை நோக்கி வந்தார். அதற்குள் சுவரோரம் நின்றவர்கள் ஓரடி, இரண்டடியாகத் தளத்துக்குள் வந்திருந்தார்கள்; அவருக்கு வழி கிடைக்கவில்லை. யாரும் குதிக்கவில்லை. எல்லோரும் ஒரே காற்றில் நிற்கிற செடிகளைப் போல அசைந்துகொண்டிருந்தார்கள். தூணடிப் பெண் குனிந்து பையைத் தன் காலருகே வைத்தாள்.

முதலாளி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு மேசைக்குத் திரும்பினார். உட்காரவில்லை. சாய்ந்துகொண்டார். கையிலிருந்த சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். வைத்தது அவருக்கே தெரிந்திருக்காது. மேசைக்குக் கீழே அவருடைய இடது செருப்பின் நுனி எழுந்து எழுந்து தரையைத் தொட்டது. தலைக்குமேல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. யார் திரும்பினாலும் பார்த்துவிடுவார்கள்.

அவள் விளக்குத் திருகைத் தேடி, அந்த மூலையின் வெளிச்சத்தை மெல்லக் குறைத்தாள்.