தண்ணீர்த் தாங்கிகளைச் சுற்றி நடந்த மாலைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு லொட்ஜின் இரண்டாம் மாடியில் நானும் அம்மாவும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தோம். சண்டைக் காலம். வெளிநாட்டிலிருந்த அண்ணா எங்களை அங்கே கூப்பிடுவதற்கு விசா எடுக்க முயன்றுகொண்டிருந்தார். ஆறு மாதத்தில் போய்விடலாம் என்று நம்பித்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம். அந்த லொட்ஜில் இருந்த எல்லோருமே அப்படி நம்பி வந்தவர்கள்தான்.

அறையில் இரண்டு கட்டில்கள். நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டாக நடந்து போகலாம். நின்று கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் தட்டும். ஒரேயொரு ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் குளியலறைக் குழாய்களைப் பார்த்தபடி. அதைத் திறந்தால் இலையான் வந்து சாப்பாட்டில் மொய்க்கும் என்று அம்மா சாத்தியே வைத்திருப்பார்.

எனக்குப் பத்தொன்பது வயது. ஊரில் உயர்தரம் படிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு வந்தவள். அங்கே ரியூசனுக்குச் சைக்கிளில்தான் போய்வந்தேன். மாஸ்டர் படிப்பித்ததை மிதித்துக்கொண்டே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்து சேரும்போது பாதிப் பாடம் மனதில் இருக்கும். அதற்கும் சைக்கிளுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. கொழும்புக்கு வந்து கட்டிலில் காலை மடக்கிச் சப்பாணி கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அது தெரிந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். வரி முடியும்போது அதன் தொடக்கம் மறந்துவிடும்.

வகுப்பு அடுத்த ஒழுங்கையில்தான். அடையாள அட்டையையும், வடக்கிலிருந்து வந்தவர்கள் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் பிடித்துக்கொண்டு போய், அப்படியே திரும்பி வந்துவிட வேண்டும். வேறெங்கும் போக அம்மா விடமாட்டார். சந்தியில் பொலிஸ்காரர் மறித்துக் கேட்பார்கள், சிங்களத்தில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. மூன்று நேரமும் கடைச் சாப்பாடு. எங்கள் இருவருக்கும் கால்கள் வீங்கின. எனக்கு வயிறு போகவில்லை, பகலில் நித்திரை வந்தது, இரவில் வரவில்லை. தலையிடி என்றால் அம்மா தேத்தண்ணி போட்டுத் தருவார்.

"கண் புத்தகத்தில இருக்கு. நீ எங்க இருக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டார்.

அன்று பின்னேரம், அவர் குளிக்கப் போயிருந்த நேரம், புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். பொறுக்கி எடுத்துத் திரும்பவும் எறிந்தேன்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து அறைப் பெண். மன்னாரிலிருந்து தகப்பனோடு வந்திருந்தவள். என் வயதுதான் இருக்கும். படிக்கட்டில் பார்த்திருக்கிறேன், கதைத்ததில்லை.

"நீர்தானே புத்தகத்தை எறியிறது?" என்று கேட்டாள்.

"ஓம்."

"என்ன பாடம்?"

"விலங்கியல்."

"எனக்கும் இருந்து படிச்சா ஒண்டும் ஏறாது. வாரும், மேல போவம்."

அப்படித்தான் அவள் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இரண்டு பெரிய கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகள், உடுப்புக் காயப்போடும் கொடி, உடைந்த கதிரைகள். மதிலுக்கு அப்பால் ரயில் பாதையும் கடலும். கொழும்புக்கு வந்த பிறகு நான் முதன்முதலாக மூச்சை முழுதாக இழுத்து விட்டது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அவளும் உயர்தரப் பரீட்சைக்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவள். எதையும் மெட்டில் போட்டால்தான் தனக்கு மனதில் நிற்கும் என்றாள். அன்று நான் எறிந்த பாடம் குருதிச் சுற்றோட்டம். அவள் மொட்டைமாடியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தத் தாங்கி இதயத்தின் வலப்பக்கம், அந்தத் தாங்கி இடப்பக்கம், படிக்கட்டு வாசல் சுவாசப்பை, உடுப்புக் கொடி உடம்பு என்று பிரித்தாள். நாங்கள் குருதி. கொடியடியிலிருந்து புறப்பட்டு வலச்சோணை, வலவிதயவறை, சுவாசப்பை நாடி என்று பாடிக்கொண்டே நடந்து, வாசலில் ஒட்சிசன் எடுத்துக்கொண்டு, மற்றத் தாங்கியைச் சுற்றித் திரும்ப வேண்டும். வால்வு வருகிற இடங்களில் ஒரு கைதட்டு, ஒரு சின்னத் துள்ளல். முதல்நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு சுற்றுக்குப் பிறகு இளைத்தது. இறங்கி வந்து பார்த்தால் பாடம் முழுவதும் இருந்தது. படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கீறலாம் போலிருந்தது.

பிறகு ஒவ்வொரு மாலையும் போனோம். நரம்புகளுக்கு ஒரு மெட்டு, சமிபாட்டுக்கு ஒரு மெட்டு, தாவரவியலுக்கு அவள் போட்ட மெட்டு கொஞ்சம் சோகமானது. எனக்குப் பசி எடுத்தது. இரவில் நித்திரை வந்தது. காலையில் அம்மா எழுப்பமுதல் எழும்பினேன். வகுப்புப் பரீட்சையில் மாஸ்டர் என் தாளைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டினார். அம்மாவும் எங்களைக் காவல் காக்கவென்று மேலே வரத் தொடங்கினார். முதலில் உடைந்த கதிரையில் இருந்து பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் மெல்ல நடந்தார். ஒருநாள் நான் திரும்பிப் பார்க்கும்போது, வால்வு வரும் இடத்தில் அவரும் கைதட்டினார். அவருடைய கால் வீக்கம் இறங்கியதை அவரும் நானும் கவனித்தோம். அண்ணாவைப் பற்றிய கதை இல்லாமல் அவர் ஒரு மாலையைக் கழித்தது அந்த மாதங்களில் மட்டும்தான்.

பரீட்சைக்குக் கொஞ்சக் காலம் இருக்கும்போது ஒரு காலையில் பொலிஸ் வந்தது. சோதனை புதிதல்ல. ஆனால் இம்முறை அவர்கள் அறைகளைக் கிண்டவில்லை. மொட்டைமாடியில் மாலையில் நடப்பது யார் என்று மட்டும் கேட்டார்கள். லொட்ஜ் மனேஜர் எங்கள் இரண்டு அறைகளையும் காட்டினார். அவருக்கு வேறு வழியிருக்கவில்லை.

எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவும் அவளுடைய தகப்பனும் பின்னால் ஓட்டோவில் வந்தார்கள். பொலிஸ் நிலைய வாசலுக்குள் அவர்களை விடவில்லை.

உள்ளே ஓர் அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் தமிழ் கதைக்கும் முஸ்லிம் கான்ஸ்டபிள் ஒருவர்.

"தங்கச்சி, பயப்புடாதீங்க. ஐயா கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்றார் கான்ஸ்டபிள். "ஒவ்வொரு நாளும் மேல சுத்திச் சுத்தி நடக்கிறீங்களாம். ஒரே இடத்துல நின்டு கை தட்டுறீங்களாம். கடல் பக்கம் யாருக்கு சிக்னல் குடுக்கிறீங்கண்டு கேக்கிறாரு."

பக்கத்துக் கட்டடத்திலிருந்து யாரோ அறிவித்திருந்தார்கள்.

"நாங்கள் பாடம் படிச்சனாங்கள்," என்றேன்.

"படிக்கிறதுக்கு ஏன் நடக்கணும்? ஏன் பாடணும்?"

"அப்பிடிப் படிச்சாத்தான் மனசில நிக்கும்."

கான்ஸ்டபிள் அதைச் சிங்களத்தில் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு நம்பிக்கை இல்லாதது தெரிந்தது. அதிகாரி கதிரையில் சாய்ந்துகொண்டு, "கியன்ன," என்றார்.

"பாடிக் காட்டட்டாம்," என்றார் கான்ஸ்டபிள்.

மெட்டுப் போட்டவள் அவள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. அதனால் நான் பாடினேன். என் குரல் பாட்டுக்கு உகந்ததல்ல. ஆனாலும் பாடினேன். கான்ஸ்டபிள் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்க்கப் பார்த்தார். சோணையும் நாளமும் அவருக்குத் தெரியவில்லை. 'குருதி' என்ற சொல் வந்ததும் தயங்கி, என்னிடம், "அதாவது ரத்தம்தானே?" என்று கேட்டுவிட்டு, மெல்லிய குரலில் அதிகாரியிடம் சொன்னார்.

அதிகாரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாருடைய ரத்தமாம்?" என்றார் கான்ஸ்டபிள்.

"எல்லாருடையதும்தான். மனிசற்ற உடம்பில ஓடுற ரத்தம். சோதினைக்கு வாற பாடம்."

அவர்கள் இருவரும் நெடுநேரம் கதைத்தார்கள். பிறகு அதிகாரி எழும்பி, இரண்டு மேசைகளைக் காட்டினார். அவற்றைத் தாங்கிகள் என்று வைத்து, மேலே செய்தது போலவே நடந்து பாடிக் காட்ட வேண்டும். இருவரும். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். அடுத்த அறையிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்து வாசலில் நின்றார்கள்.

நான் முன்னால் நடந்தேன். அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வால்வு வந்த இடத்தில் நான் கைதட்டித் துள்ளினேன், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள் என்ற பயத்தில். சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "ஆயெத்," என்றார். இன்னொருமுறை. அந்த முறை அவர் பேனையால் மேசையில் தாளம் தட்டினார். தாளம் பிழைக்கவில்லை. பாடத் தெரிந்த மனிதராக இருக்கவேண்டும். திரும்பவும் "ஆயெத்" என்றார்.

எங்களை ஒருவரும் அடிக்கவில்லை. அந்த நாட்களில் உள்ளே போனவர்களுக்கு நடந்ததையெல்லாம் பார்த்தால் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவும் அதைத்தான் பிறகு எல்லோருக்கும் சொன்னார். பொழுதுபடுவதற்கு முன்னால் விட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது மொட்டைமாடிக் கதவில் பூட்டு.

"பிள்ளையள், என்னைக் குறை நினைக்காதேங்கோ," என்றார் மனேஜர். "எனக்கும் இந்த லொட்ஜை நடத்தவேணும்."

நாங்கள் குறை நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. தன் வகுப்புக்கும் போகவில்லை. தகப்பன் வாங்கிவந்த சாப்பாட்டுப் பார்சல் பிரிக்கப்படாமல் வாசலில் இருக்கும். ஒருநாள் உள்ளே போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வா, அறைக்குள்ளயே மெதுவாச் சொல்லிப் பாப்பம். ஒருத்தருக்கும் கேக்காது."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"அந்தாளும் சேந்து தாளம் போட்டவன்," என்றாள். "இனி அது அவன்ர பாட்டு."

கொஞ்ச நாளில் தகப்பன் ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து அவளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். பரீட்சை எழுதாமலே போனாள். போகும்போது நான் வகுப்பில் இருந்தேன்.

நான் பரீட்சை எழுதினேன். அவள் போன பிறகு மறுபடியும் கட்டிலில் சப்பாணி கட்டித்தான் படித்தேன். மறுபடியும் கால் வீங்கியது, நித்திரை போயிற்று. விலங்கியல் தாளில் குருதிச் சுற்றோட்டம் வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதத் தொடங்கினேன். மெட்டு வந்தது, அதோடு பேனைத் தட்டலும் வந்தது. சொற்களைத் தனியாகப் பிரித்தெடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. மெட்டு இல்லாமல் அந்தப் பாடம் எனக்கு மனதில் நின்றதே இல்லை. சுவாசப்பையிலிருந்து குருதி திரும்பி வரும் இடச்சோணையில் நின்றுவிட்டேன். மண்டபத்தில் மற்றவர்கள் மேலதிகத் தாள் கேட்டுக் கையை உயர்த்திக்கொண்டிருந்தார்கள்.

பெறுபேறு வந்தபோது இரண்டு பாடத்தில் சித்தி இல்லை. அடுத்த வருடமும் எழுதினேன். அப்போதும் கிடைக்கவில்லை. அதற்குள் அண்ணா எங்களுக்காகப் போட்ட விசா விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். லொட்ஜில் இருக்க வசதிப்படாமல் கொட்டாஞ்சேனையில் ஒரு அறைக்கு மாறினோம். எனக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது.

அம்மா அந்த அறையை விட்டு வெளியே இறங்கவில்லை. "கோயிலுக்காவது போவம், நடந்தா நல்லது," என்று கேட்டால், "எங்க நடக்கிறது? நடந்து கண்டது போதும்," என்பார். சீனி வருத்தம் வந்தது. அதைக் காலில் புண் வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். முதலில் விரல் ஒன்றை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. ஊருக்கும் போகாமல், அண்ணாவையும் பார்க்காமல், அந்த அறையிலேயே போனார்.

செத்தவீட்டுச் செய்தி கேட்டு, லொட்ஜில் பக்கத்து அறையில் இருந்தவள் வெளிநாட்டிலிருந்து ஒருமுறை ஃபோன் எடுத்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. முதலில் இருவருமே அழுதோம். பிறகு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். உடம்பு சரியில்லை, நித்திரை இல்லை, டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள்.

"நடக்கிறனியோ?" என்று கேட்டேன்.

"ஜிம்முக்குப் போறனான். மெசினில ஏறி நடக்கிறது. அங்க பாட்டுப் போடுவினம். நான் காதுக்குப் பஞ்சு வைச்சுக்கொண்டுதான் நடப்பன்."

"பிள்ளையளுக்காவது பாடுறனியோ?"

"இல்லை. அவையின்ர தகப்பன் பாடுவார்."

குளிர் எப்படி, இங்கே மழையோ என்று கொஞ்சம் கதைத்துவிட்டு வைத்தோம். பிறகு அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது எனக்கும் சீனி இருக்கிறது. கிளினிக்கில் இருக்கும் டொக்டர் பிள்ளை நல்லவள். ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்லுவாள்: "அன்ரி, பின்னேரத்தில கொஞ்சம் நடவுங்கோ. நேரத்துக்கு நித்திரை கொள்ளுங்கோ. விருப்பமான பாட்டுக் கேளுங்கோ. மனதும் உடம்பும் லேசாகும்." அவள் சொல்வது எல்லாம் சரி. அது சரியென்று அந்த வரிசையில் இருக்கிற மற்ற எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஓம் என்று தலையாட்டிவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வருவேன். வந்து கட்டிலில் உட்கார்ந்தால் இருட்டும் வரைக்கும் எழும்ப மனம் வராது.