டெக்கிக் குழியில் யார் கை

மாக் பிஹு அறுவடைப் பண்டிகை நெருங்கினால் டிம்பேஸ்வரி வீட்டு டெக்கிக்கு ஓய்வே கிடையாது. காலால் மிதித்து மாவிடிக்கும் அந்த நீள மர உலக்கை ஊரில் அவளிடம்தான் ஒழுங்காக இருந்தது. அரிசி ஊறவைத்த பெண்கள் முற்றத்தில் குவிவார்கள். ஒருத்தி மிதிக்க, இன்னொருத்தி உலக்கை விழும் குழியில் கைவிட்டு மாவைத் தள்ளுவாள். மாவு பாதி, வம்பு பாதியாகப் பொழுது போகும். அந்த வருஷம் ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. எல்லாரும் மூன்று மைல் நடந்து மில்லுக்குப் போனார்கள்.

காரணம் ஒரு கவிதை. அவளுடைய மூத்தாள் மகன் உமாகாந்த குவாஹாட்டியில் பெரிய கவியாகியிருந்தான். சித்திக்காரி டெக்கியில் இடித்துக் கொன்ற பெண் சுரைக்கொடியாக முளைத்துப் பேசும் பழங்கதையை எடுத்து, பெண் இருந்த இடத்தில் 'நான்' என்று போட்டுவிட்டான். கொடி முளைத்த வீட்டுக்கு நீலக் கதவு வேறு வைத்தான். ஊரில் நீலக் கதவு ஒன்றுதான். நகரத்தில் அதைப் புதுப்பார்வை என்று பரிசு கொடுத்தார்கள். ஊரில் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

டிம்பேஸ்வரியும் லேசுப்பட்டவள் இல்லை. அவனை அவள் திட்டியதை எழுதினால் தாள் கருகிவிடும். அவன்மேல் அவளுக்குப் பாசம் பொங்கியதும் இல்லை. ஆனால் சோற்றில் குறை வைத்ததில்லை.

ஊரில் அவனுக்குப் பாராட்டு விழா நடந்தது. கமோசா துண்டு போர்த்த அவளையே மேடைக்குக் கூப்பிட்டார்கள், வேடிக்கை பார்க்கத்தான். போர்த்தினாள். இறங்கவில்லை.

"உமா, அப்போ டெக்கியை மிதிச்சது யாரு? குழியில கைவிட்டு மாவு தள்ளினது யாரு?"

"அது கவிதை, சித்தி. அதுல வர்றது நீங்க இல்ல."

"கதவு மட்டும் என்னுதா?"

கூட்டம் சிரித்தது. அவள் வலது கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரல் நகமில்லாமல் வளைந்திருந்தது. பன்னிரண்டு வயதில் அவன் பட்டம் பார்த்துக்கொண்டே காலை எடுத்துவிட, உலக்கை விழுந்த விரல்.

"நீ காலை எடுத்ததாலன்னு தெரிஞ்சிருந்தா உங்கப்பன் உன்னைத் தோலுரிச்சிருப்பான். கதவு நசுக்கிடுச்சுன்னு சொன்னேன். அந்த நீலக் கதவுதான். நாளைக்குக் காலைல வா. நான் மிதிக்கிறேன், நீ கை விடு."

அவன் கமோசாவின் முனையைத் திருகிக்கொண்டே நின்றான். விருந்துக்குக்கூட உட்காராமல் காரேறிவிட்டான்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ஜுனுமாய் ஊறின அரிசியோடு வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் இடிச்சுக்கலாமா?"

"ஏன், மில்லு படுத்துடுச்சா?"

ஜுனுமாய் குழிப் பக்கம் உட்கார்ந்து கையை விட்டாள். டிம்பேஸ்வரி மிதியில் காலை வைத்தாள்.

"பாத்து. நான் பாட்டுல வந்த சித்தி."