பெடலை அமுக்கிய கை

கச்சேரி முடிந்ததும் மைக்கைக் கையில் கொடுத்து நன்றி சொல்லச் சொல்வார்கள். கூட வாசித்த வயலின்காரருக்கும் பாடகிக்கும் சொல்வேன், அப்பா அம்மாவுக்குச் சொல்வேன், கடைசியாக அம்மாவின் தம்பிக்கு, என் மாமாவுக்குச் சொல்வேன். முன்வரிசையில் இருக்கும் அவர் உடனே தலையைக் குனிந்துகொள்வார். கண்டியில் பியானோ வாசிக்கிறவர்கள் எத்தனையோ பேர். தாய்மாமன் பியானோவுக்குக் கீழே குந்தியிருந்து மேடையேற்றிய பிள்ளை நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை, பெருமைதான்.

அப்போது எனக்கு எட்டு வயது. உயரம் மட்டும் ஆறு வயதோடு நின்றுவிட்டது. அம்பிட்டியவில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் தன் வீட்டில் பியானோ சொல்லிக்கொடுத்தார். பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்த மாமாதான் சனிக்கிழமைகளில் என்னை பஸ்ஸில் கூட்டிப்போவார். நான் வாசிக்கத் தொடங்கியதும் மூலைக் கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிவிடுவார். தூங்குவதற்கு அம்பிட்டிய வரைக்கும் போகவேண்டுமா என்று அம்மா கேலி செய்வார்.

அந்த வருடம் டீச்சரிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாசிப்பதாக ஏற்பாடு. கடைசிப் பாட்டு எனக்கு. மெதுவான தாலாட்டு அது. பெடலை மிதித்தால்தான் ஒரு சுரம் அடங்குமுன் அடுத்தது வந்து சேரும், இல்லாவிட்டால் துண்டு துண்டாக விழும். என் காலோ பெடலுக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. மாமா ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து பெடலில் கட்டிப்பார்த்தார். பாதிப் பாட்டில் அது கழன்று உருண்டு டீச்சரின் பூனையை விரட்டியது. இந்தப் பாட்டை உயரமான பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம், நான் அடுத்த வருடம் மேடையேறலாம் என்றார் டீச்சர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமா கதிரையை விட்டு எழுந்தார்.

“கால் எட்டலைன்னா என்னங்க டீச்சர், என் கை எட்டும். கீழ உக்காந்து நான் அமுக்குறேன்.”

டீச்சர் குனிந்து பியானோவுக்குக் கீழே இடம் பார்த்தார். “ஓம், செய்யுங்கோ. ஆனா சனம் காணக்கூடாது.”

பெடல் மிதிக்கவேண்டிய இடத்தில் நான் வெறுங்காலின் பெருவிரலை மடக்குவேன், அதைப் பார்த்து மாமா அமுக்குவார். இதுதான் எங்கள் ஒப்பந்தம். நாலைந்து தடவை பழகியதும் பாட்டு வழுக்கிக்கொண்டு போனது.

நிகழ்ச்சியன்று பியானோவின் பக்கவாட்டில் காகிதப்பூ குத்திய துணியைத் தொங்கவிட்டார்கள். சனம் வருமுன்பே மாமா புதுச் சட்டையோடு உள்ளே போய்க் குந்திக்கொண்டார். மற்றப் பிள்ளைகள் வாசித்து முடிக்கும் வரைக்கும் அங்கேதான் இருந்தார். என் முறை வந்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தேன். மேடைக்குப் போகிற பிள்ளை என்று அம்மா காலில் வெள்ளை மேசும் அதன்மேல் கறுப்புச் சப்பாத்தும் போட்டுவிட்டிருந்தார். பெருவிரல் அதற்குள்ளே மறைந்துபோயிருந்தது. டீச்சர் தலையசைத்துவிட்டார், இனி இறங்க வழியில்லை. வாசித்தேன். ஓரிடத்திலும் பெடல் பிந்தவில்லை, முந்தவில்லை. முடிந்ததும் மண்டபமே எழுந்து கைதட்டியது. நான் குனிந்து வணங்கினேன். மாமா வெளியே வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவும் அம்மாவும் முன் சீட்டில் இருந்தார்கள். கால் மரத்துப்போன மாமா நொண்டிக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“சப்பாத்துக்குள்ள வெரல் எங்க பாப்பா தெரியும்? பாட்டுதான் தெரியுமே.”

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார், நானும் சாதாரணமாகவே கேட்டுக்கொண்டேன். பதிலுக்கு அவருக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல நினைத்தேன். அடுத்த வருடம் நான் வளர்ந்துவிடுவேன், கால் எட்டிவிடும், மாமா இப்படி உள்ளே கிடந்து கஷ்டப்படத் தேவையில்லை என்றேன்.

“ஆமா பாப்பா, எட்டிரும்” என்றவர் பேராதனை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் கஷ்டத்தைத் தீர்த்துவைத்துவிட்ட நிம்மதியில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன். அன்று அந்தப் பாட்டை வாசித்தவர்கள் இரண்டு பேர் என்பதோ, அதில் ஒருவருக்கு இனி மேடை இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் தூங்குகிறேன் என்பதோ எனக்குத் தெரியாது.